நகம் தட்டினால் நிறுத்துங்கள்

கார் பெயின்ட் பற்றி எது வேண்டுமானாலும் கேளுங்கள் என்று போன இதழில் எழுதியிருந்தேன். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் கீறலைப் பற்றித்தான். பலர் பெயர் போட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்கள். சொந்தக் காரைத் தானே கெடுத்துக்கொண்ட கூச்சம் போல. கவலைப்படாதீர்கள், முப்பது வருடமாகப் பாலிஷ் மெஷின் பிடிக்கும் நானும் கார் கெடுத்தவன்தான். அந்தக் கதையும் கீழே வருகிறது. பெயருக்குப் பதிலாக ஆளுக்கொரு பட்டப்பெயர் நானே வைத்துவிட்டேன், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

கறுப்புக் கார்க்காரர்: கார் வாங்கி ஒரு வருடம்தான் ஆகிறது. நிழலில் கண்ணாடி மாதிரி இருக்கிறது. வெயிலில் நிறுத்தினால் பானட் முழுக்கச் சிலந்தி வலை போல வட்ட வட்டமாகக் கோடுகள். வட்டமாகத் துடைத்ததால் வந்ததா?

இல்லை. நீங்கள் நேர்கோட்டில் துடைத்திருந்தாலும் வெயிலில் வட்டமாகத்தான் தெரியும். ஒரு சோதனை செய்து பாருங்கள். பானட்டில் சூரியன் பளிச்சென்று தெரிகிற புள்ளியைச் சுற்றித்தானே அந்த வலை? அப்படியே இரண்டடி தள்ளி நில்லுங்கள். வலையும் கூடவே நகர்ந்து வரும். கீறல் எங்கே நகரப் போகிறது? பானட் முழுவதும் எல்லாத் திசையிலும் பொடிப்பொடியாகக் கீறல்கள் கிடக்கின்றன. அவற்றில் ஒளிப்புள்ளிக்குக் குறுக்கே படுத்திருப்பவை மட்டும் வெளிச்சத்தை உங்கள் கண்ணுக்குத் திருப்பிவிடுகின்றன. சுற்றிலும் குறுக்கே கிடப்பவை எல்லாம் சேர்ந்து கண்ணுக்கு வட்டமாகிவிடுகின்றன. நாள்பட்ட எவர்சில்வர் தட்டை விளக்குக்குக் கீழே பிடித்தாலும் இதே வட்டம் வரும்.

எப்படி வந்தது என்பதற்கு உங்கள் கடிதத்தின் கடைசி வரியே பதில் சொல்கிறது. 'தினமும் காலையில் உலர்ந்த துணியால் தூசி துடைத்துவிடுவேன்' என்று பெருமையாக எழுதியிருக்கிறீர்கள். அந்தத் துணிதான் குற்றவாளி. தெருத் தூசியில் மணல் துகள் இருக்கிறது. மணல் கார் மேல்பூச்சை விடக் கடினமானது. உலர்ந்த துணியால் துடைக்கும்போது நீங்கள் காருக்கு மிக நைசான உப்புத்தாள் போடுகிறீர்கள், அதுவும் தினமும். துடைக்காமல் விட்டிருந்தால் கார் அழுக்காக இருந்திருக்கும், ஆனால் கீறல் இருந்திருக்காது.

முதலில் துணியைத் தூக்கி வையுங்கள். கழுவும்போது வெறும் தண்ணீரை அடித்து மண்ணை இறக்குங்கள். அப்புறம் இரண்டு வாளி. ஒன்றில் கார் ஷாம்பூ தண்ணீர், மற்றொன்றில் வெறும் தண்ணீர். மைக்ரோஃபைபர் கையுறையை ஷாம்பூவில் நனைத்து ஒரு பகுதியைத் தேய்த்ததும், வெறும் தண்ணீர் வாளியில் அலசிவிட்டுத்தான் மறுபடி ஷாம்பூவில் விட வேண்டும். கூரையில் தொடங்கிக் கீழே வாருங்கள். சக்கரத்துக்கு மேலுள்ள வளைவும் கதவுகளின் அடிப்பகுதியும் கடைசி, மண் அதிகம் அங்கேதான். இதைச் சரிசெய்யாமல் பாலிஷ் போட்டால் ஆறு மாதத்தில் அதே வலை திரும்பி வந்து உட்காரும்.

வெள்ளைக் கார் வைத்திருக்கும் நண்பரைப் பார்த்துப் பொறாமைப்பட்டிருக்கிறீர்கள். அவர் காரிலும் இதே அளவு கீறல் இருக்கலாம். வெள்ளையில் கண்ணுக்குப் படாது, அவ்வளவுதான்.

இரண்டு கழுவலில் ஏமாந்தவர்: பாலிஷ் போட்டுக்கொண்டு வந்தேன். ஒரு கீறல்கூட இல்லை. இரண்டு முறை கழுவியதும் பழையபடி ஆகிவிட்டது. கீறல் எப்படித் திரும்பி வரும்?

திரும்பி வரவில்லை ஐயா, போகவே இல்லை. உங்கள் காரில் கீறலை நிரப்பி அனுப்பியிருக்கிறார்கள். சில பாலிஷ்களிலும், கிளேஸ் என்று விற்கும் பொருளிலும் எண்ணெயும் நிரப்பும் பொருளும் இருக்கும். அது கீறலுக்குள் போய் உட்கார்ந்ததும் ஒளி சிதறாது, கீறல் மறைந்துவிடும். மழையில் நனைந்த காரில் கீறல் தெரியாததற்கும் காரணம் இதேதான், அங்கே நிரப்புவது தண்ணீர். காய்ந்ததும் குட்டு வெளிப்பட்டுவிடும்.

அடுத்த முறை பாலிஷ் போட்டவரிடமிருந்து காரைத் திரும்ப வாங்கும் முன் ஒன்று கேளுங்கள். தண்ணீர் கலந்த ஐசோபிரோப்பைல் ஆல்கஹால் தெளித்து ஓரிடத்தைத் துடைத்துக் காட்டச் சொல்லுங்கள். எண்ணெய் வழித்துக்கொண்டு வந்துவிடும். அதற்குப் பிறகும் கீறல் இல்லையென்றால் அது நிஜமான வேலை.

நிஜமான வேலை என்றால் என்ன? பாலிஷில் மிக நுண்ணிய தேய்ப்புப் பொடி இருக்கிறது. அது கீறலை நிரப்புவதில்லை. கீறலின் அடிமட்டம் வரைக்கும் சுற்றியுள்ள பூச்சைத் தேய்த்து இறக்குகிறது. பள்ளத்தை மூடாமல் மேட்டை வெட்டிச் சமமாக்குவது போல. அதனால்தான் எவ்வளவு பூச்சு இருக்கிறது என்பது முதல் கேள்வியாகிறது.

உலோகத்தின் மேல் துருத் தடுப்புப் பூச்சு, அதன்மேல் பிரைமர், அப்புறம் நிறம், கடைசியில் நிறமில்லாத கிளியர் கோட். தொழிற்சாலையில் பூசிய காரில் இந்த நான்கும் சேர்ந்து பெரும்பாலும் 100 முதல் 150 மைக்ரான். மைக்ரான் என்றால் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. தலைமுடி ஒன்றின் தடிமன் சுமார் 70 மைக்ரான். கிளியர் கோட் மட்டும் 35 முதல் 50 மைக்ரான் இருந்தால் அதிகம். ஆக, நாம் விளையாடுவது ஒரு தலைமுடியை விட மெல்லிய தளத்தில். வெயிலின் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் பொருளும் அந்தக் கிளியர் கோட்டுக்குள்தான் கலந்திருக்கிறது. நிதானமான ஒரு பாலிஷில் ஒன்றிலிருந்து மூன்று மைக்ரான் போகும். காம்பவுண்டு என்னும் முரட்டுப் பொடி பாலிஷைப் போட்டு முரட்டுத்தனமாகக் கட்டிங் செய்தால் இன்னும் கூடும். வருடா வருடம் இப்படிச் செய்தால் கழுதை தேய்ந்து கட்டெறும்பு ஆன கதைதான். சில வருடங்களில் கூரையிலும் பானட்டிலும் வெள்ளை வெள்ளையாக உரிய ஆரம்பிக்கும். அப்படி உரிந்ததை எந்தப் பாலிஷும் சரிசெய்யாது, மறுபடி பெயின்ட் அடிக்க வேண்டியதுதான்.

கீறல் எவ்வளவு ஆழம் என்று பார்க்க என்னிடம் உள்ள கருவி ஆள்காட்டி விரல் நகம். கீறலுக்குக் குறுக்கே நகத்தை மெதுவாக ஓட்டுங்கள். வழுக்கிக்கொண்டு போனால் பாலிஷில் போகும். தட்டினால் நிறுத்திவிடுங்கள். அந்தக் கீறலின் விளிம்பை மழுக்கி, கண்ணை உறுத்தாமல் செய்யலாம். முழுதாக எடுக்க ஆசைப்பட்டால் கீறலோடு கிளியர் கோட்டும் போய்விடும்.

ஞாயிற்றுக்கிழமை மெக்கானிக்: துணிந்து ஒரு டூயல் ஆக்‌ஷன் பாலிஷ் மெஷின், அதாவது சுற்றிக்கொண்டே அலைபாயும் ரகம், வாங்கிவிட்டேன். மூன்று வாரமாகப் பெட்டியைத் திறந்து திறந்து மூடுகிறேன். எங்கிருந்து ஆரம்பிப்பது?

பெட்டியைத் திறந்து மூடிய அந்த மூன்று வாரத்துக்காகவே உங்களுக்கு இந்த வேலை வரும் என்று நினைக்கிறேன். கை பரபரப்பவர்களிடம்தான் எனக்குப் பயம்.

மெஷினைத் தொடும் முன் காரைக் கழுவுங்கள். கழுவிய பிறகு, விரல்களை மெல்லிய பிளாஸ்டிக் பைக்குள் விட்டு ஈரமான பானட்டின் மேல் தடவிப் பாருங்கள். சொரசொரவென்று இருக்கும். பிரேக்கிலிருந்து பறந்து வந்த இரும்புத் துகள், தார், மரப்பிசின் எல்லாம் பூச்சில் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. இரும்புக்கு அதற்கான கரைசல் கிடைக்கிறது. தெளித்ததும் ஊதா நிறமாக வழியும், பார்க்கப் பயமாக இருக்கும், ஒன்றும் ஆகாது. மீதிக்குக் கிளே என்னும் களிமண் கட்டி. நிறைய வழவழப்புத் தண்ணீர் விட்டு, அழுத்தாமல் ஓட்டுங்கள். கட்டி கீழே விழுந்தால் அதை மறந்துவிடுங்கள். துடைத்து எடுத்துப் பயன்படுத்தினால் தரையில் ஒட்டிய மணல் உங்கள் கதவில் கையெழுத்துப் போடும். கிளே வேலையே சில மெல்லிய கோடுகளைப் போட்டுவிடலாம், பாலிஷுக்கு முந்திய வேலை என்பதால் பரவாயில்லை.

அடுத்தது டேப். ரப்பர் பட்டை, கறுப்புச் சொரசொரப்பு பிளாஸ்டிக், சின்னம், கதவு விளிம்பு எல்லாவற்றையும் மறைத்து ஒட்டுங்கள். சொரசொர பிளாஸ்டிக்கில் பாலிஷ் காய்ந்தால் வெள்ளைத் திட்டாகப் பிடித்துக்கொண்டு உயிரை எடுக்கும். விளிம்பை மறைப்பதற்குக் காரணம் வேறு. கதவு ஓரத்திலும் உடலில் மடிப்பாக ஓடும் கோடுகளிலும் பூச்சு மெல்லியதாக இருக்கும், மெஷினில் மாட்டும் தேய்ப்பு மெத்தையான பேடின் அழுத்தம் முழுவதும் அந்த ஒரே கோட்டில் விழும்.

இப்போது சோதனைச் சதுரம். பானட்டில் 50 சென்டிமீட்டருக்கு 50 சென்டிமீட்டர் டேப் ஒட்டிக்கொள்ளுங்கள். எல்லோரும் செய்யும் தப்பு, மிகக் காரமான காம்பவுண்டில் ஆரம்பிப்பது. நீங்கள் மிருதுவான ஃபோம் பேடும் நைஸ் பாலிஷும் வைத்து ஆரம்பியுங்கள். அதில் 80 சதவீதம் போய்விட்டால் அதுவே போதும், முழுக் காரையும் அதிலேயே முடியுங்கள். போகவில்லையென்றால் பாலிஷை அப்படியே வைத்துக்கொண்டு பேடை மட்டும் ஒரு படி கடினமாக்குங்கள். அதற்கும் மசியாவிட்டால்தான் காம்பவுண்டு. சில கம்பெனிகளின் கிளியர் கோட் வெண்ணெய் மாதிரி இருக்கும், சிலவற்றுடையது கல். கறுப்பு என்றால் மிருது, ஜெர்மன் என்றால் கல் என்று ஆளுக்கொரு விதி சொல்வார்கள். நான் சதுரத்தைத்தான் நம்புவேன்.

புதுப் பேடில் பாலிஷை முகம் முழுக்க மெல்லியதாகத் தடவுங்கள். பிறகு ஒவ்வொரு பகுதிக்கும் பட்டாணி அளவில் மூன்று நான்கு பொட்டு போதும். பேடைப் பூச்சின் மேல் வைத்த பிறகுதான் சுவிட்சைப் போட வேண்டும். காற்றில் ஓடவிட்டு இறக்கினால் உங்கள் சட்டை, கண்ணாடி, பக்கத்து வீட்டுச் சுவர் எல்லாவற்றுக்கும் பாலிஷ் போட்டுவிடுவீர்கள். வேகம் 1-ல் பரப்புங்கள். 4 அல்லது 5-க்கு ஏற்றுங்கள். கை வேகம் விநாடிக்கு இரண்டு மூன்று சென்டிமீட்டர், எறும்பு ஊர்வது போல. முதலில் இடவலமாக, அப்புறம் மேல்கீழாக, முந்திய தடத்தில் பாதியை மூடியபடி போங்கள். நான்கிலிருந்து ஆறு சுற்று. அழுத்தம், மெஷினின் எடையும் கொஞ்சம் கையும்.

ஒரு ரகசியம். பேடைப் பொருத்தும் தட்டின் பக்கவாட்டில் மார்க்கரால் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். ஓடும்போது கோடு சுற்றுவது தெரிய வேண்டும். கோடு நின்று நடுங்கினால் பேட் சுற்றவில்லை, வெறுமனே அதிர்கிறது, அதாவது நீங்கள் அதிகமாக அழுத்துகிறீர்கள் அல்லது பேட் சாய்ந்திருக்கிறது. என்னிடம் வேலை கற்க வரும் பையன்களுக்கு முதல் வாரம் கீறலைப் பார்க்காதே, கோட்டைப் பார் என்றுதான் சொல்வேன்.

ஒவ்வொரு பகுதி முடிந்ததும் பேடை பிரஷ்ஷால் துப்புரவு செய்யுங்கள். தேய்த்து எடுத்த பூச்சுத் தூளும் காய்ந்த பாலிஷும் அதில்தான் அடைந்திருக்கும். முழுக் காருக்கு ஒரே பேட் போதாது, ஐந்தாறு வேண்டும். வேலை நிழலில், பூச்சு கைக்குக் குளிர்ச்சியாக இருக்கும்போது. பார்ப்பது வெயிலில், இல்லையென்றால் பளிச்சென்ற ஒற்றை எல்இடி விளக்கில். டியூப்லைட் வெளிச்சத்தில் எல்லாக் காரும் புதுக் கார்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முடியாது. பானட்டை மட்டும் முடித்துவிட்டுக் காபி குடியுங்கள்.

வேகப்பிரியர்: சுற்றும் ரோட்டரி மெஷினில் பாதி நேரத்தில் முடிந்துவிடும் என்கிறார்கள். நான் ஏன் டூயல் ஆக்‌ஷனில் நேரத்தை வீணாக்க வேண்டும்?

முடிந்துவிடும் என்பது உண்மைதான், எது என்பதுதான் கேள்வி.

ரோட்டரி ஒரே அச்சில் சுற்றும், நிறுத்தி அழுத்தினாலும் நிற்காது. சூடு ஒரே இடத்தில் சேரும். டூயல் ஆக்‌ஷனில் பேட் சுற்றிக்கொண்டே அலைபாயும், அழுத்தினால் சுற்றல் நின்றுவிடும். அந்த நிற்றல்தான் நம்மைக் காப்பாற்றுவது.

நான் தொழிலுக்கு வந்த இரண்டாம் வருடம். சிவப்புக் கார், ஓட்டுநர் பக்கக் கதவு. கம்பளிப் பேட் மாட்டிய ரோட்டரி. டேப் ஒட்டச் சோம்பல். கதவின் பின்விளிம்புக்கு வரும்போது யாரோ கூப்பிட்டார்கள், தலையைத் திருப்பினேன். மூன்று விநாடிகூட இருக்காது. திரும்பிப் பார்த்தபோது விளிம்பில் விரல் நீளத்துக்குச் சாம்பல் நிறக் கோடு. கிளியர் கோட் போய், சிவப்பும் போய், பிரைமர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. முழுக் கதவையும் மறுபடி பெயின்ட் அடிக்க வேண்டியதாயிற்று. கார்க்காரர் திட்டியிருந்தால் மறந்திருப்பேன். அவர் ஒன்றும் பேசாமல் அந்த விளிம்பை விரலால் தடவிப் பார்த்துவிட்டுப் போனார்.

இன்றும் என் பட்டறையில் ரோட்டரி இருக்கிறது. ஆழமான வேலைக்கு எடுப்பேன். ஆனால் அது விட்டுப்போகும் மேகம் போன்ற நிழல் கோடுகளை, ஹோலோகிராம் என்பார்களே அதை, கடைசியில் டூயல் ஆக்‌ஷனில்தான் எடுக்க வேண்டியிருக்கிறது. மிச்சப்படுத்திய நேரம் அங்கே போய்விடும்.

சிக்கனக்காரர்: பற்பசை தேய்த்தால் கீறல் போகுமாமே?

பற்பசையிலும் தேய்ப்புப் பொடி உண்டு. ஆனால் அது பல்லுக்கு அளந்து போட்டது. ஓரிடம் மங்கலாகி, கீறல் இருந்த இடத்தில் திட்டு இருக்கும். பல் தேயுங்கள்.

அவசரக்காரர்: செராமிக் கோட்டிங் போட்டால் கீறல் மறைந்து, இனி விழாமலும் இருக்குமா? 9 ஹெச் கடினம் என்கிறார்கள், வைரத்துக்கு அடுத்ததாம்.

வைரத்தைப் பாவம் விட்டுவிடுங்கள். 9 ஹெச் என்பது பென்சில் அளவுகோல். ஹெச்பி, 2 ஹெச் என்று பென்சிலில் போட்டிருக்குமே, அதே வரிசை. குறிப்பிட்ட கோணத்தில் 9 ஹெச் பென்சிலை ஓட்டினாலும் பூச்சில் கீறல் விழவில்லை என்று பொருள். வைரம் 10 என்று சொல்லும் கனிம அளவுகோல் வேறு, இது வேறு. இரண்டையும் குழப்பித்தான் விற்பனை நடக்கிறது.

கோட்டிங் நல்ல பொருள். தண்ணீர் உருண்டு ஓடும், அழுக்கு அதிகம் ஒட்டாது, கழுவுவது சுலபம். ஆனால் அது ஓரிரு மைக்ரான் தடிமனுள்ள தெளிந்த படலம். அடியில் என்ன இருக்கிறதோ அதை அப்படியே காட்டும். கீறலோடு போட்டால் கீறலுக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டது போலாகிவிடும். அப்புறம் கீறலை எடுக்க வேண்டுமென்றால் கோட்டிங்கையும் சேர்த்துத் தேய்க்க வேண்டும். பாலிஷ் முதலில், கோட்டிங் பிறகு.

மரத்தடிவாசி: பறவை எச்சம் விழுந்த இடத்தில் அதே வடிவத்தில் ஒரு தழும்பு. எத்தனை முறை தேய்த்தாலும் அசையவில்லை.

எச்சம் காய்ந்து சுருங்குகிறது. வெயிலில் இளகியிருந்த கிளியர் கோட் அதன் வடிவத்தைப் பிடித்துக்கொண்டே இறுகுகிறது. ஆகவே அது மேலே ஒட்டிய கறை அல்ல, பூச்சிலேயே விழுந்த பள்ளம். நகச் சோதனை இதற்கும் பொருந்தும். லேசானது பாலிஷில் போகும், உங்களுடையது போகாத ரகம் என்று தெரிகிறது. இத்தனை முறை முயன்றாகிவிட்டது, விட்டுவிடுங்கள். அடுத்த முறை கண்ட உடனே ஈரத்துணியை ஐந்து நிமிடம் அதன்மேல் போட்டு ஊறவைத்து எடுங்கள். சுரண்டாதீர்கள், எச்சத்தில் விதையும் மண்ணும் இருக்கும்.

சாவிக் கோடு கண்டவர்: யாரோ கதவில் சாவியால் இழுத்துவிட்டார்கள். கோடு வெள்ளையாகத் தெரிகிறது. பாலிஷ் போடலாமா?

கோட்டைத் தண்ணீரால் நனையுங்கள். வெள்ளை மறைந்தால் கீறல் கிளியர் கோட்டோடு நின்றிருக்கிறது, நம்பிக்கை உண்டு. நனைத்த பிறகும் வெள்ளையோ சாம்பலோ தெரிந்தால் நிறம் வெட்டுப்பட்டு பிரைமர் வரை போயிருக்கிறது. அதில் பாலிஷுக்கு வேலை இல்லை. உங்கள் காரின் நிற எண்ணுக்குரிய டச்சப் பெயின்ட் வாங்கி, நைஸ் தூரிகையால் கோட்டுக்குள் மட்டும் மெல்ல மெல்ல அடுக்குங்கள். பளபளக்கும் உலோகமே தெரிந்தால் தள்ளிப்போடாதீர்கள், துரு பிடித்துவிடும்.

பழைய கார் பிரியர்: அப்பாவின் பழைய சிவப்புக் கார். பாலிஷ் தேய்த்ததும் துணியெல்லாம் சிவப்பு. பெயின்டைக் காலி செய்துவிட்டேனா?

பயப்பட வேண்டாம். அந்தக் காலத்துக் கார்கள் பலவற்றில் கிளியர் கோட் கிடையாது, நிறமே மேல்பூச்சு. எவ்வளவு மென்மையாகத் தேய்த்தாலும் நிறம் வரும். வெளிறிப் போன சிவப்புக்கு அடியில் நல்ல சிவப்பு இருக்கும், தேய்த்ததும் மலர்ந்து வரும். இந்த வேலையில் எனக்கு மிகப் பிடித்தது அதுதான். ஆனால் ஒருமுறை எடுத்த நிறம் திரும்பாது, பிரைமருக்கும் உங்களுக்கும் நடுவே கிளியர் கோட் என்ற தடுப்பும் இல்லை. கையாலேயே செய்யுங்கள், முடித்ததும் மெழுகு போட்டுவிடுங்கள்.

மேட் கார்க்காரர்: பளபளப்பில்லாத மேட் பெயின்டில் சின்னக் கீறல். எந்த பாலிஷ்?

எதுவும் வேண்டாம். தேய்த்த இடம் பளபளப்பாகிவிடும், அப்புறம் அந்த ஒரு பொட்டுதான் காரே.

குறும்புக்காரர்: உங்கள் சொந்தக் காரில் கீறலே இருக்காதே?

எண்ணிவிட்டு வந்து எழுதுகிறேன். நகம் தட்டும் கீறல் நான்கு. டிக்கி மூடியில் பெட்டி இறக்கியபோது ஒன்று, முன் பம்பரில் இரண்டு, இடது பின்கதவில் பேரன் சைக்கிள் சாய்த்தது ஒன்று. பம்பர் பிளாஸ்டிக் என்பதால் என்னிடமுள்ள தடிமன் அளக்கும் கருவி அங்கே வேலை செய்யாது, அது உலோகத்தின் மேல்தான் அளக்கும். மற்ற இடங்களின் அளவை வாங்கிய நாளிலிருந்து ஒரு சின்ன நோட்டில் எழுதி வருகிறேன். எல்லாம் மைக்ரானில்: கூரை 118, பானட் 112, டிக்கி 109. இடது பின்கதவு முதலில் 104 இருந்தது, சைக்கிள் கோட்டை எடுத்தே தீருவேன் என்று இரண்டு முறை தேய்த்ததில் 97. கோடு இன்னும் இருக்கிறது. பேரன் அதன்மேல் ஸ்டிக்கர் ஒட்டட்டுமா என்று கேட்டான், சரி என்றேன்.